சுவரில் விட்டு வைத்த இடம்

பதுளை,
12 ஜனவரி 1952.

அன்புள்ள தங்கை யோகமலருக்கு,

சாமுவேல் கனகசுந்தரம் ஆகிய நான், எமது சபையின் செயலாளர் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். நோக்கம் ஒன்றே: மேமலைத் தோட்ட வகுப்பின் பெயர்ப் புத்தகத்தைத் திரும்பப் பெறுவது. உன் அண்ணன் என்ற முறையில் எழுத வேண்டியதைக் கடைசிப் பந்தியில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் கலப்பது முறையன்று.

நீ செப்டம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டபோது அந்தப் புத்தகம் உன் பாடப் புத்தகங்களோடு தவறிப் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். அது சபையின் உடைமை. நீ நடத்திய ஜெப வகுப்பை இனி யார் நடத்துவது என்று நவம்பரில் குழு கேட்டது. ஒருவரும் முன்வரவில்லை. செயலாளரே பொறுப்பேற்கட்டும் என்று தீர்மானமாயிற்று. நான் மறுக்கவில்லை.

டிசம்பர்க் காலாண்டின் அங்கத்துவச் சீட்டுகளில் போதகர் ஐயா கையொப்பமிட்டுவிட்டார். மேமலையாருக்கு உரிய ஏழும், ஒவ்வொன்றிலும் பெயரும் வேதவசனமும் எழுதப்பட்டு, ஆலயத்தில் என் மேசைமேல் இருக்கின்றன. ஞாயிறு ஆராதனைக்குப் பின் அங்கத்தினர் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தேன். மேமலையிலிருந்து இன்றுவரை எவரும் வரவில்லை. வந்தால் கொடுக்கப்படும்.

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உன் சுகத்துக்காக நாள்தோறும் ஜெபிக்கிறேன். இங்கே மழை ஓயவில்லை. கூரையின் தெற்கு மூலை மறுபடி ஒழுகுகிறது. தேநீரை நானே போட்டுக்கொள்கிறேன். உன் அளவு கைக்கு வரவில்லை. ஆலயத்தில் வழக்கமான வாங்கில்தான் இருக்கிறேன். பக்கத்து இடத்தில் எவரும் உட்காருவதில்லை. அதற்கு விதி ஒன்றும் இல்லை, பழக்கம்தான்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
சா. கனகசுந்தரம்.


மானிப்பாய்,
3 பெப்ரவரி 1952.

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவர் அருளால் நான் சுகம். உங்கள் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. ஒழுகும் மூலைக்குக் கீழே உங்கள் கட்டில் இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

பெயர்ப் புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அது தவறி வரவில்லை, அண்ணா. தெரிந்துதான் எடுத்து வந்தேன். அதைக் கேட்டு எழுத சபையில் ஒருவராவது இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதினீர்கள். எனக்கு அது சந்தோஷம்.

சீட்டை மேசையில் வைத்தால் அவர்கள் வந்து எடுக்கமாட்டார்கள். பசறைக்கு மூன்று மைல் நடந்து வந்து, அங்கிருந்து பஸ் பிடித்தால் பதுளையில் பிரசங்கம் பாதி முடிந்திருக்கும். கடைசி வாங்கில் இருந்துவிட்டு, ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்புவார்கள். "அங்க நாங்க பாத்துட்டு வர்றோம். இங்கதாம்மா நாங்க செய்யுறோம்" என்று தெபொராள் ஒருமுறை சொன்னாள். பெயர்ப் புத்தகத்தில் முதல் பெயர் அவளுடையது. கொழுந்து பறிக்கிறவள், அறுபது வயதிருக்கும். வகுப்பு கூடுவது தோட்டத்து வரிசை வீடுகளில் அவளுடைய ஒற்றை அறையில், அந்த லயத்துக் காம்பராவில்தான்.

அவள் சுவரை நீங்கள் பார்க்க வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற வருஷம் முதல் தனக்குக் கிடைத்த ஒவ்வொரு சீட்டையும் கஞ்சிப் பசையால் வரிசை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறாள். வருஷத்துக்கு நாலு, இருபத்து மூன்று வருஷம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தச் சீட்டு எந்தப் பிள்ளை செத்த வருஷம், எந்தச் சீட்டு மண்சரிந்த வருஷம் என்று விரல் வைத்துச் சொல்வாள். செப்டம்பர்ச் சீட்டை நானே ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

சனிக்கிழமை கொழுந்தை எடை போட்டுக் கொடுத்த பிறகு கூடுவார்கள். வகுப்புத் தலைவர் முதலில் ஜெபிப்பது வழக்கம். பிறகு ஒவ்வொருவராகச் சொல்வார்கள். எழுதி வைத்து வாசிக்கப் போகாதீர்கள், அண்ணா, அவர்கள் சிரிப்பார்கள். உங்களுக்குச் சனிக்கிழமை அரை நாள்தானே. போய் வாருங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
யோகமலர்.


பதுளை,
16 பெப்ரவரி 1952.

அன்புள்ள தங்கை யோகமலருக்கு,

கிருபையால் சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். கட்டிலைத் தள்ளிப் போட்டுவிட்டேன். சளி சற்றுக் குறைவு.

பெயர்ப் புத்தகம் 7ஆம் தேதி கிடைத்தது. பற்றுச்சீட்டு இத்துடன் உள்ளது. வேண்டுமென்றே எடுத்துச் சென்றதாக நீ எழுதியதை அலுவல் கோப்பில் சேர்க்கவில்லை.

நீ சொல்லும் வசதிக்குறைவுகளை நான் அறிவேன். ஆனாலும் சபை என்பது கூடிவருகிற கூட்டம். அங்கத்தினர் ஆலயத்துக்கு வருவதும் திருவிருந்தில் பங்குபற்றுவதும் அவர்கள் கடமை. ஒழுங்குப் புத்தகத்தின் பதினோராம் விதியின்படி, தக்க காரணமின்றி மூன்று காலாண்டுகள் தொடர்ந்து திருவிருந்துக்கு வராதவரின் பெயரைக் காலாண்டுக் கூட்டம் நீக்கும். அவர்களை எச்சரிப்பது நல்லது என்று கருதி, உனக்கும் எழுதுகிறேன். நீ எழுதினால் அவர்கள் கேட்பார்கள்.

சென்ற ஜூன் கூட்டத்தை நீ இன்னும் மறக்கவில்லை என்று தெரிகிறது. வருஷத்தில் ஒரு தரமாவது திருவிருந்தைத் தோட்டத்தில் வைக்க வேண்டும் என்று நீ பிரேரித்தாய். ஆமோதிக்க எவரும் எழவில்லை. ஆமோதிப்போர் இல்லாத பிரேரணை விழுந்துவிடும். அந்த விதியை நான் உண்டாக்கவில்லை. வாசித்துக் காட்டினேன், அவ்வளவே.

மேமலை வகுப்பைப் பற்றிக் கவலைப்படாதே. காரியங்கள் ஒழுங்கில் இருக்கின்றன.

உன் அண்ணன்,
சா. கனகசுந்தரம்.


பசறை,
3 ஜூன் 1952.

மரியாதைக்குரிய டீச்சர் அம்மாவுக்கு,

பசறைச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பலீல் எழுதுவது. நானும் வீட்டாரும் சுகம். சாமான் கொடுக்க மேமலை லயத்துக்குப் போன இடத்தில் தெபொராள் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கூட்டிக் குறைத்து எழுத வழியில்லை. வரிக்கு வரி வாசித்துக் காட்டச் சொல்கிறாள்.

தோத்திரம் டீச்சரம்மா. நீங்க நல்லா இருக்கீங்களா. எனக்குக் கால் வீங்கிப் போச்சு, மாசியில இருந்து மலைக்குப் போகல. சனிக்கிழமை கூட்டம் மட்டும் விடல. ஆறு பேரு வர்றாங்க. யாரு மொதல்ல ஜெபம் பண்றதுன்னு தடுமாறினோம், இப்ப நானே ஆரம்பிச்சு விட்டுடறேன். உங்க அண்ணன் ஐயா வருவாருன்னு மூணு மாசம் பாயத் தட்டிப் போட்டு வச்சோம். பெரியவங்க தரையில உக்கார மாட்டாங்கன்னு பலீல் நானா கடையில முக்காலி ஒண்ணு எரவல் வாங்கி வச்சோம். பொறகு திருப்பிக் குடுத்துட்டோம், கடையில அவருக்கு உக்கார எடமில்லன்னு.

சீட்டு வரலம்மா. செவுத்துல ரெண்டு சீட்டுக்கு எடம் விட்டு வச்சிருக்கேன், இந்த மாசத்தோட மூணாகும். மருமக அதுல படம் ஒட்டப் போனா, தொடாதேன்னுட்டேன். போன வாரம் பசறையில வோட்டுப் போட்டாங்க. எங்க பேரு லிஸ்டுல இல்லன்னு கணக்கப்பிள்ளை சொன்னாரு. முன்ன ஒரு தடவ போட்டிருக்கேன். சரி, அது அரசாங்கத்து லிஸ்டு. கோயில் லிஸ்டுல என் பேரு இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா. அதுலயும் இல்லன்னா நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாது. ஐயாவக் கோவிச்சுக்காதீங்க. அவருக்கு ஆபீஸ் வேலை இருக்கும்.

இனி பலீல் சொல்வது. நான் வேறு மார்க்கத்து ஆள், உங்கள் சபைக் காரியத்தில் வாய் வைக்கக் கூடாது. ஆனால் அவள் கேட்பது ஒரு துண்டுக் கடதாசிதானே அம்மா. பஸ்ஸில் என் பெயருக்குக் கொடுத்துவிட்டால்கூட நான் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். கால் வீக்கம் அவள் சொல்வதைவிட மோசம்.

இப்படிக்கு,
ம. பலீல்.


மானிப்பாய்,
9 ஜூன் 1952.

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் விரும்புகிறேன்.

பலீல் நானா எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்துவிட்டு இதைத் தொடருங்கள்.

நீங்கள் எனக்குப் பதினோராம் விதியை எழுதினீர்கள். அதே பக்கத்தில், அதற்கு மேலே, பத்தாம் விதி இருக்கிறது. வகுப்புத் தலைவர் தம் வகுப்பினர் ஒவ்வொருவரையும் அவரவர் இருப்பிடத்தில் போய்க் கண்டு விசாரிக்க வேண்டும், சீட்டைத் தம் கையால் கொடுக்க வேண்டும் என்கிறது. நீங்கள் அதை வாசிக்காதவர் அல்ல. ஏன் எனக்கு எழுதவில்லை?

சென்ற வருஷக் கூட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை; நீங்கள்தான் எடுத்தீர்கள். அன்று பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் ஒரு சொல் சொன்னால் போதும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினேழு பேரைப் பார்க்கவில்லை, அண்ணா.

வருகிற சனிக்கிழமை மேமலைக்குப் போய் மூன்று சீட்டையும் அவள் கையில் கொடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

யோகமலர்.


பதுளை,
10 ஆகஸ்ட் 1952.

அன்புள்ள தங்கை யோகமலருக்கு,

கிருபையால் சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். அலுவலகத்தில் கணக்காய்வு நடைபெற்றது.

உன் கடிதமும் இணைப்பும் ஜூன் 12ஆம் தேதி கிடைத்தன. அதன் பின் நடந்ததை உனக்கு அறிவிப்பது என் கடமை. ஜூன் 28ஆம் தேதிக் காலாண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் பட்டியல் வாசிக்கப்பட்டது. மூன்று காலாண்டுகள் தொடர்ந்து திருவிருந்துக்கு வராதோர் என மூவர் பெயர்கள் குறிப்பிடப்பட்டன. அவற்றுள் ஒன்று மேமலைத் தெபொராள். மேமலையின் மற்ற அறுவரும் இடையில் ஒரு தரம் வந்திருந்ததால் அவர்கள் பெயர் நிற்கிறது. தக்க காரணம் எவராலும் முன்வைக்கப்படவில்லை. பதினோராம் விதியின்படி பெயர்கள் நீக்கப்பட்டன. ஆட்சேபம் எழவில்லை.

பலீல் என்பவரின் கடிதத்தைக் கூட்டத்தில் சமர்ப்பிக்கவில்லை. அது சபைக்கு முகவரியிடப்பட்டதன்று. எழுதியவரும் அங்கத்தினர் அல்லர். அதே காரணத்தால் சீட்டுகளை அவரிடம் ஒப்படைக்கவும் இயலவில்லை. மூன்று சீட்டுகளும் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக உள்ளன.

ஜூன் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் பஸ் நிலையம்வரை போக நேர்ந்தது, வேறு காரியமாக. இரண்டு தடவையும் நல்ல மழை.

நீ நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலைக் கன்று பிழைத்துவிட்டது.

உன் அண்ணன்,
சா. கனகசுந்தரம்.


மானிப்பாய்,
18 ஆகஸ்ட் 1952.

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். உங்கள் சுகத்தை விரும்புகிறேன்.

யோகமலர்.


பசறை,
3 ஒக்டோபர் 1952.

பதுளைச் சபைச் செயலாளர் ஐயா அவர்களுக்கு,

பசறைக் கடை பலீல் எழுதுவது. தபாலுக்கு நேரமில்லாததால் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். மேமலைத் தெபொராள் இன்று விடிய மௌத்தாகிவிட்டாள். நாளை சனிக்கிழமை மூன்று மணிக்குத் தோட்டத்து மயானத்தில் அடக்கம். மகன் கண்டிப் பக்கம் வேலைக்குப் போனவன், வந்து சேருவானோ தெரியாது. போதகர் ஐயாவுக்கும் சொல்லுங்கள்.

லயத்துப் பெண்களுக்குப் பாட்டுத் தெரியும். ஜெபம் சொல்ல ஒருவர் வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு நாளும் அதைச் சொன்னவள்தான் இப்போது படுத்திருக்கிறாள்.

உங்கள் பெயருக்கு முக்காலியை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

ம. பலீல்.


பதுளை,
7 ஒக்டோபர் 1952.

அன்புள்ள தங்கை யோகமலருக்கு,

கிருபையால் சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்.

மேமலைத் தெபொராள் இம்மாதம் 3ஆம் தேதி காலமானாள் என்பதை வருத்தத்துடன் அறிவிக்கிறேன். போதகர் ஐயா பண்டாரவளை ஊழியத்தில் இருந்ததால் வர இயலவில்லை. சபையின் சார்பில் நான் சென்றிருந்தேன். 4ஆம் தேதி பிற்பகல் 3.40க்கு அடக்கம் நடைபெற்றது. மழை பெய்யவில்லை. சுமார் நாற்பது பேர் இருந்தனர். யாவும் ஒழுங்காக நிறைவேறின.

உன் அண்ணன்,
சா. கனகசுந்தரம்.


மானிப்பாய்,
13 ஒக்டோபர் 1952.

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு நாள் பாடசாலைக்குப் போகவில்லை. இப்போது சுகம்.

நேரத்தை எழுதினீர்கள். தலைகளை எண்ணி எழுதினீர்கள். யார் ஜெபித்தது?

யோகமலர்.


பதுளை,
2 நவம்பர் 1952.

அன்புள்ள யோகமலர்,

உன் கேள்வி இரண்டு வார்த்தை. பதில் எழுத மூன்று வாரம் சென்றது. கணக்காய்வு ஒன்றும் இல்லை; ஆகஸ்டிலும் இருக்கவில்லை.

எவரும் ஜெபிக்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்.

ஒழுங்குப் புத்தகத்தையும் சவ அடக்க ஆராதனைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். இழுப்பறையிலிருந்த மூன்று சீட்டுகளையும் எதற்கென்று தெரியாமலே சட்டைப் பையில் வைத்தேன். பலீல் தம் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு நடந்து வந்தார். மூன்று மைல். அவர் வேகத்துக்கு என்னால் நடக்க முடியவில்லை. இரண்டு இடங்களில் எனக்காக நின்றார். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

காம்பரா வாசலில் அந்த முக்காலி இருந்தது. மருமகள் வந்து அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "நீங்கதான் அந்த ஐயாங்களா? உக்காருங்க. அத்தை உங்கள ரொம்ப எதிர்பாத்தாங்க" என்றாள். அதில் குத்தல் இல்லை. உட்கார்ந்தேன். பெண்கள் பாடினார்கள். நீ கற்றுக்கொடுத்த பாட்டாக இருக்க வேண்டும். மூன்றாம் அடியை நீ இழுப்பதுபோலவே இழுத்தார்கள்.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்று புத்தகத்தைத் திறந்தேன். போதகர் வாசிக்க வேண்டிய பகுதி அது, மற்றவர்கள் மறுமொழி சொல்ல வேண்டியது. அங்கே புத்தகம் வைத்திருந்தவர் எவரும் இல்லை. அவர்கள் கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த மனுஷியைப் பற்றி நான் ஆண்டவரிடம் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்கள். எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

யோகமலர், ஐம்பது வயதில் இதை எழுதுகிறேன். மனிதர் முன்னிலையில் என் சொந்த வார்த்தையில் ஒருநாளும் நான் ஜெபித்ததில்லை. வீட்டில் நம் தகப்பனார் ஜெபித்தார், பிறகு நீ ஜெபித்தாய், நான் ஆமென் சொன்னேன். ஆலயத்தில் குறிப்பு எழுதினேன், பட்டியல் வாசித்தேன், வாங்கில் இருந்தேன். ஒரு ஞாயிறும் தவறவில்லை. 'உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்' என்று உனக்கு எத்தனை கடிதத்தில் எழுதியிருப்பேன்! அது கடிதத்துக்கு உரிய வாசகம் என்பதால் எழுதினேன். தலைவர்தான் முதலில் ஜெபிக்க வேண்டும், வாசித்தால் சிரிப்பார்கள் என்று நீ பெப்ரவரியில் விளையாட்டாக எழுதியிருந்தாய். ஜூனில் இரண்டு சனிக்கிழமையும் நான் பஸ் நிலையத்துக்குப் போனது மேமலைக்குத்தான். மழை பெய்யவில்லை. ஆறு கூலிப் பெண்கள் சிரிப்பார்கள் என்று பயந்து திரும்பி வந்தேன். உன் பிரேரணையை ஆமோதிக்க என் கை எழாததும் அதனால்தான். திருவிருந்து தோட்டத்துக்குப் போனால், சிறிய அறையில், செயலாளரும் வாய் திறக்க வேண்டி வரும். அந்தப் பயத்துக்கு விதி என்று பெயர் வைத்து ஒரு மனுஷியின் பெயரை அடித்தேன்.

அங்கே புத்தகத்தைத் திறந்தபடியே நின்றேன். மருமகள் கண்ணைத் திறந்து, தாழ்ந்த குரலில், "அத்தை பேரு லிஸ்டுல இருக்குன்னு நீங்க சொல்லி அனுப்பினீங்களாமே. அன்னைக்குத்தான் ஐயா அவங்க நல்லா சாப்பிட்டாங்க" என்றாள்.

நான் பலீலைப் பார்த்தேன். அவர் காம்பராவுக்குள் வராமல் வாசற்படிக்கு வெளியே தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நான்தான் சொன்னேன் சேர். கேட்டுக் கேட்டு உசிர வாங்கினா. இருக்குன்னு பதுளையில இருந்து பதில் வந்திருக்குன்னு சொல்லிட்டேன். அது பொய்யா இருந்தா பாவம் என் தலையில கெடக்கட்டும். இப்ப நீங்க அவ பேரையாவது சொல்லுங்க" என்றார்.

சட்டைப் பையிலிருந்து சீட்டுகளை எடுத்தேன். அவற்றைத்தான் வாசித்தேன். "தெபொராள், மேமலை வகுப்பு, அங்கத்தினள். டிசம்பர் 1951." அதன் வசனத்தையும் வாசித்தேன். "தெபொராள், மேமலை வகுப்பு, அங்கத்தினள். மார்ச் 1952." மூன்றாவதையும் அப்படியே வாசித்தேன். ஒரு பெண் ஆமென் என்றாள், மற்றவர்களும் சொன்னார்கள். அவர்கள் அதை ஜெபம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது மருமகள் கஞ்சிப் பசை வைத்துக்கொண்டு நின்றாள். சுவரைப் பார்த்தேன். நீ எழுதியது போலவே இருந்தது, புகை படிந்து, வரிசை வரிசையாக. கடைசி வரிசையில் இடம் விட்டிருந்தது. அந்தப் பகுதியை மட்டும் தெபொராள் புகை துடைத்து வெள்ளையாக வைத்திருந்தாள். ஒரு சீட்டின் அகலத்துக்கு ஒரு கரிக்கோடு. மூன்றையும் நான் என் கையால் ஒட்டினேன். அதன் பிறகும் ஓர் இடம் மீதி இருந்தது. செப்டம்பருக்கு உரியது. "இதுக்கு எப்பங்க வரும்?" என்று மருமகள் கேட்டாள். ஜூன் 28ஆம் தேதிக்குப் பிறகு அந்தப் பெயருக்குச் சீட்டு எழுதப்படவில்லை என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

அந்த இடம் அப்படியே இருக்கிறது. இறந்தவருக்குச் சீட்டு வழங்க விதியில்லை. அதற்கு ஒரு விதியைத் தேடி ஒழுங்குப் புத்தகம் முழுவதையும் இரண்டு முறை படித்தேன்.

அதன் பின் நான்கு சனிக்கிழமைகள் கடந்தன. முதல் மூன்றிலும் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நேற்று பஸ்ஸில் ஏறினேன். பசறையில் இறங்கி, பலீல் கடையில் தேநீர் குடித்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். புறப்படும்போது அவர், "முக்காலி இன்னும் அங்கதான் கெடக்கு சேர், அவங்க திருப்பித் தரல" என்றார்.

நீ சுகமாக இருக்க வேண்டும். இதை எழுதுமுன் பேனாவை வைத்துவிட்டு, சத்தமாக, ஆண்டவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வீட்டில் எவரும் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

டிசம்பர் 27ஆம் தேதிக் கூட்டத்தில் செயலாளர் பதவியை ஒப்படைப்பேன். ஒப்படைக்குமுன், ஜூன் 28ஆம் தேதிக் குறிப்பில் அவள் பெயருக்கு எதிரே, வகுப்புத் தலைவன் பத்தாம் விதியை ஒரு நாளும் நிறைவேற்றவில்லை என்று எழுதிக் கையொப்பமிடுவேன். பிறகு சாதாரண அங்கத்தினனாக எழுந்து உன் பிரேரணையை மறுபடி முன்வைப்பேன். ஆமோதிப்பார் இல்லாவிட்டால் அது விழும்.

அது டிசம்பரில். வருகிற சனிக்கிழமை 8ஆம் தேதி. 1.40 பஸ்ஸில் பசறைக்குப் போய், கடையில் நிற்காமல், மேமலைக்கு நடப்பேன். முக்காலியைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பாயில் உட்காருவேன். முதலில் நான் ஜெபிப்பேன். வார்த்தை வராவிட்டால், புத்தகத்தைத் திறக்காமல், மீதி ஆறு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

உன் அண்ணன்,
கனகசுந்தரம்.